புதிய முழங்காலுக்கு ஒரு மண்டலம்

“முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டால் இனி ஸ்வாமி சந்நிதியில் விழுந்து நமஸ்கரிக்க இயலாது என்கிறார்கள். அப்படியானால் இருக்கிற வலியோடேயே இருந்துவிடலாமா?” என்று கும்பகோணத்திலிருந்து 72 வயது அன்பர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். இதே கவலையை வெவ்வேறு சொற்களில் தாங்கிய கடிதங்கள் சில மாதங்களாகவே இப்பகுதிக்கு வந்த வண்ணம் உள்ளன. ஒருவருக்குப் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட முடியுமா என்ற ஐயம். மற்றொருவருக்குக் கிரிவலம். மார்கழியில் வாசலில் கோலம் போடுவது நின்றுவிடுமோ என்று ஓர் அம்மையார் கேட்டிருக்கிறார்.

அறுவைச் சிகிச்சை செய்துகொள்வதா வேண்டாமா என்பதை மருத்துவரும் அவரவர் குடும்பத்தாரும் கூடி முடிவு செய்தல் வேண்டும். அதில் இப்பகுதி தலையிடாது. செய்துகொள்வது என்று முடிவாகிவிட்டால், அதன் பின்வரும் நாள்கள் எவ்வாறு கழியும், கோயிலுக்குச் செல்லும் வழக்கம் எந்த அளவில் திரும்பும் என்பவற்றை முன்னரே அறிந்திருத்தல் நலம். எதிர்பாராத வலியைவிட எதிர்பார்த்த வலியைத் தாங்குவது எளிது.

முழங்காலையே வெட்டி எடுத்துவிட்டு வேறொன்றை மாட்டுகிறார்கள் என்று பலர் எண்ணுகின்றனர். நடப்பது அதுவன்று. தொடை எலும்பின் அடிநுனியிலும் கீழ்க்கால் எலும்பின் மேல்நுனியிலும் தேய்ந்துபோன மேற்பரப்பை மட்டும், ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் அளவுக்குள், செதுக்கி எடுக்கின்றனர். மேலே ஓர் உலோகக் கவசம், கீழே ஓர் உலோகத் தட்டு, இரண்டுக்கும் இடையே வழுக்கிச் செல்வதற்கு உறுதியான பாலிஎத்திலீன் துண்டு ஒன்று. பல்லுக்குக் கவசம் போடுவதைப் போன்றது என்று கொண்டால் பெரிதும் பொருந்தும். சுற்றியுள்ள தசைநார்களில் பெரும்பாலானவையும் தசைகள் அனைத்தும் நம்முடையவையே. உலோகம் புதிது; அதனை இயக்கவேண்டிய தொடைத் தசையோ, வலிக்கு அஞ்சிப் பல ஆண்டுகள் சரிவரப் பயன்படாமல் மெலிந்துபோனது. குணமடைதல் ஏன் இத்தனை நாள் பிடிக்கிறது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. மருத்துவரின் வேலை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. தசையைப் பழக்கும் வேலை அதன் பிறகே தொடங்குகிறது. அதனை வேறெவரும் நமக்காகச் செய்ய இயலாது.

விரதங்களுக்கு 48 நாள்களை ஒரு மண்டலமாகக் கொள்வது நம் வழக்கம். முழங்காலுக்கும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். முதல் ஆறேழு வாரங்களில் மூட்டு எவ்வளவு மடங்கவும் நீளவும் பழகுகிறதோ, பிற்காலத்து வசதி பெரும்பாலும் அதனைப் பொறுத்தே அமைகிறது. உள்ளே ஆறிவரும் திசுக்கள் அப்போது இளகியிருக்கும். நாள் செல்லச் செல்ல இறுகிவிடும். ஆகையால் அறுவைக்கு நாள் குறிக்கும்போதே, அதன்பின் ஒரு மண்டலத்துக்குக் கல்யாணம், கிருகப்பிரவேசம், யாத்திரை என்று எதனையும் ஒப்புக்கொள்ளாதிருத்தல் நலம்.

மருத்துவமனையில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அறுவை நடந்த அன்று மாலையோ மறுநாள் காலையோ வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்கச் செய்வார்கள். “இவ்வளவு சீக்கிரமாகவா?” என்று வியக்க வேண்டியதில்லை, படுத்தே இருந்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம் கூடும் என்பதாலேயே இந்த அவசரம். முதுகிலோ தொடையிலோ கொடுத்த மரப்பு மருந்தின் வேகம் தணிந்த பிறகு, முதல் நாளைவிட இரண்டாம் மூன்றாம் நாள் வலி மிகுதியாகத் தோன்றலாம். ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. வலி மாத்திரையை, வலி உச்சிக்கு ஏறும்வரை காத்திராமல், குறித்த வேளையில் விழுங்கிவிட வேண்டும். பல்லைக் கடித்துப் பொறுப்பதே பெருமை என்று நம்மில் சிலர் எண்ணுகிறோம். வலியோடு படுத்திருப்பவர் பயிற்சி செய்வதில்லை, பயிற்சி செய்யாதவரின் முழங்கால் மடங்குவதில்லை. தொடை முதல் கணுக்கால் வரை வீங்குவதும், தோலில் நீலமும் பச்சையுமாக இரத்தக் கட்டுப் படர்வதும் இயல்பே. பெரும்பாலோர் மூன்று நாள் முதல் ஐந்து நாளுக்குள் வீடு திரும்புகின்றனர். தையல் பிரிப்பது இரண்டு வாரத்தை ஒட்டி.

வீட்டை முன்கூட்டியே ஒழுங்கு செய்து வைக்க வேண்டும். மிதியடி, பாய், தரைவிரிப்பு, பேரக்குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்கள் யாவும் நடைவழியிலிருந்து அகலட்டும். இருபுறமும் கைவைத்த, சற்று உயரமான, உறுதியான நாற்காலி ஒன்று தேவை. அமிழ்ந்து போகும் சோபா உதவாது. குந்தி அமரும் கழிவறை இனி ஆகாது. மேற்கத்திய முறைக் கழிவறையும், அருகே சுவரில் பற்றி எழக் கம்பியும் அறுவைக்கு முன்பே அமைய வேண்டும். பூஜை அறையை எவரும் நினைப்பதில்லை. நம் வீடுகள் பலவற்றில் ஸ்வாமி படங்கள் தரையோடு ஒட்டிய மேடையில் இருக்கும். குனிந்தோ அமர்ந்தோதான் விளக்கேற்ற முடியும். நித்திய பூஜைக்குரிய விளக்கையும் படத்தையும் நின்றபடி கை எட்டும் உயரத்துக்கு மாற்றி வைத்துவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வீடு திரும்பிய முதல் வாரத்திலேயே வாக்கரைப் பிடித்து நின்று ஒரு பூ சாற்ற முடிந்தால், அது மனத்துக்குத் தரும் தெம்பு சிறிதன்று.

இனிப் பயிற்சி. இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முழங்காலுக்கு இரண்டு வேலைகள்: மடங்குதல், நீளுதல். எல்லோரும் மடங்குவதையே கேட்கின்றனர், நீளுவதை மறந்துவிடுகின்றனர். முழுமையாக நீளாத கால் நடக்கும்போது நொண்டும். இடுப்புக்கும் முதுகுக்கும் வலியைக் கொண்டுபோகும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டு படுத்தால் வலி குறைந்தாற்போல் சுகமாக இருக்கும். அந்தச் சுகமே பகை. அப்படியே நாள் கடந்தால் மூட்டு அரைகுறையாக மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முழங்கால் தன் பாரத்தால் தானே கீழே தாழும்படி விடுவதே முறை. பரிவு மிகுந்த மருமகளும் மகளும் அன்பினால் தலையணையை முழங்காலுக்கு அடியில் செருகுவார்கள். அவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

மடங்கும் அளவைப் பிசியோதெரபிஸ்டு பாகைக் கணக்கில் சொல்வார். சமதளத்தில் நடப்பதற்கு ஏறத்தாழ 70 பாகை போதும். படியேறி இறங்க 90 பாகையை ஒட்டி வேண்டும். தாழ்வான நாற்காலியிலிருந்து எழுவதற்கு 100 பாகைக்கு மேல் ஆகும். இரண்டாம் வாரத்தை ஒட்டி 90 பாகையை எட்டுவதும், மூன்று மாதத்துக்குள் 110, 120 வரை வருவதும் பலருக்கு வாய்க்கிறது. அறுவைக்கு முன்பே மடங்காதிருந்த முழங்கால், பின்பும் சற்றுக் குறைவாகவே மடங்கும். இந்த எண்களைப் பிறரோடு ஒப்பிட வேண்டா. சென்ற வாரத்து உங்கள் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

பயிற்சிகள் எளியவையே. படுத்தபடி கணுக்காலை மேலும் கீழும் அசைத்தல், இரத்த ஓட்டத்துக்கு. தொடைத் தசையை இறுக்கி, முழங்காலின் பின்புறத்தைப் படுக்கையோடு அழுத்திப் பிடித்தல், நீளுவதற்கு. குதிகாலைப் படுக்கையில் தேய்த்தவாறு பின்னோக்கி இழுத்தல், மடங்குவதற்கு. காலை நீட்டியபடியே ஒரு சாண் உயர்த்திப் பிடித்தல், தசை வலுவுக்கு. ஒவ்வொன்றையும் பத்து முறை, ஒரு நாளில் மூன்று வேளை, அல்லது உங்கள் பிசியோதெரபிஸ்டு சொல்லும் கணக்கில் செய்ய வேண்டும். அழுத்திப் பிடிப்பதை ஐந்து எண்ணும் வரை செய்க என்பார்கள். எண்களுக்குப் பதில் ஐந்தெழுத்தை ஒவ்வோர் எழுத்தாக நிதானமாக மனத்துள் சொன்னால் அளவு சரியாக இருக்கும். திருவெட்டெழுத்தைச் சொல்பவர்கள் சற்றுக் கூடுதலாகப் பிடித்தாலும் தீங்கில்லை. ஜபத்துக்கு ஜபமும் ஆயிற்று. சந்தியா வேளைகளோடு பயிற்சியை இணைத்துக்கொண்டால் மறதியும் வாராது.

பயிற்சியின்போது வலிக்கும், அது எதிர்பார்க்கத் தக்கதே. முடித்து அரை மணி நேரத்தில் தணிந்தால் அளவு சரி. மறுநாள் காலை மூட்டு முன்னினும் வீங்கிச் சூடாக இருந்தால் அளவு மீறிவிட்டது என்று கொண்டு ஒரு நாள் குறைத்துச் செய்க. சோம்பலால் கெடுபவர்களைப் போலவே ஆர்வத்தால் கெடுபவர்களும் உண்டு. பயிற்சியைக் கைவிட்டு, “இன்று தெருமுனை வரை நடந்தேன், நேற்று அஞ்சலகம் வரை” என்று நடையை மட்டும் பெருக்கிக்கொண்டே போவார்கள்; கால் மாலையில் பூசணிக்காய்போல் வீங்கி நிற்கும், மறுநாள் மடக்கவே வாராது. என் கருத்தில் முதல் மாதத்தில் நடையைவிடப் பயிற்சியே முதன்மையானது. மண்டலம் கடந்தும் முழங்கால் போதிய அளவு மடங்காவிடில், மயக்க மருந்து கொடுத்து மருத்துவரே மடக்கிவிட வேண்டிய நிலை வரலாம். அதைத் தவிர்ப்பது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது.

பயிற்சி முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 15 முதல் 20 நிமிடம் ஒற்றியெடுப்பது வீக்கத்தைக் குறைக்கும். வெந்நீர் ஒத்தடமும் தைலம் தேய்த்து உருவுவதும் நம் வீடுகளில் பரம்பரையாக வருபவை. ஆனால் இந்த நாள்களில் அவை ஆகா. உருவிவிடுவதால் காலில் உறைந்த இரத்தம் பெயர்ந்துவிடும் அபாயம் உண்டு. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும், புண்ணியத் தீர்த்தத்தில் முழுக்குப் போடுவதும் தழும்பு முற்றும் ஆறி, மருத்துவர் அனுமதி தந்த பிறகே. விபூதிப் பிரசாதத்தைப் பற்றியும் கூச்சமின்றிச் சொல்லிவிடுகிறேன். நெற்றியில் தாராளமாக அணியுங்கள். தையல் போட்ட இடத்தில், எத்தனை பெரிய தலத்திலிருந்து வந்ததாயினும், விபூதியோ மஞ்சளோ சந்தனமோ பூசுதல் கூடாது.

விரதங்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். ஏகாதசியும் சஷ்டியும் பிரதோஷமும் ஆண்டு முழுவதும் வரும். புண் ஆறவும் தசை வளரவும் புரதம் தேவைப்படும் இந்த மண்டலத்தில் உபவாசம் வேண்டா. வெறும் வயிற்றில் சில வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும். நீரிழிவு உள்ளவர்க்குச் சர்க்கரை தாறுமாறாகும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவரிடம் கிருமித் தொற்று எளிதில் நுழையும். பருப்பு, பயறு, தயிர், பால் யாவும் வேளை தவறாமல் உண்ணப்பட வேண்டியவை. கொண்டைக்கடலைச் சுண்டலுக்கு இந்த நாள்களில் இரட்டிப்பு மரியாதை. வலி மருந்துகளால் மலச்சிக்கல் உண்டாவது மிகச் சாதாரணம். கீரையும் பழமும் நிறைய நீரும் அதற்குத் துணை. ஒரு வாரம் பொறுத்துப் பார்க்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுதல் நல்லது.

இரவுகளைப் பற்றி எவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பகலில் ஓரளவு அடங்கியிருக்கும் வலி இரவில் தலைதூக்கும். ஒருக்களித்துப் படுக்க முடியாது. நள்ளிரவில் விழிப்புத் தட்டும். பல வாரங்களுக்கு முழுத் தூக்கம் இருக்காது. மூன்றாம் நான்காம் வாரத்தில், வந்து பார்ப்பவர்களின் வருகை ஓய்ந்து, வலி மட்டும் ஓயாதிருக்கும் வேளையில், “ஏன்தான் இதைச் செய்துகொண்டேனோ” என்ற சலிப்பு வரும். கண் கலங்குபவர்களும் உண்டு. திடமான மனிதர் என்று பெயரெடுத்தவர்களுக்கும் இது நேர்கிறது. பக்திக் குறைவோ மன உறுதிக் குறைவோ இதற்குக் காரணமல்ல. தூக்கமின்மையும் வலியும் மருந்துகளும் சேர்ந்து செய்யும் வேலை. ஆறாம் வாரத்துக்குப் பின் பெரும்பாலோர்க்கு இது மெல்ல விலகுகிறது. விலகாமல் நீடித்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: “எதிர்வீட்டு மாமி பத்தாம் நாளே சமையலறையில் நின்றாரே” என்று ஒப்பிட்டுப் பேசாதீர்கள். எதிர்வீட்டு மாமியின் இரவுகளை நீங்கள் பார்த்ததில்லை.

சில அறிகுறிகளுக்கு மட்டும் ஒரு நாழிகையும் தாமதிக்கக் கூடாது. கெண்டைக்கால் சதை திடீரென வீங்கி வலித்தால், காலில் இரத்தம் உறைந்திருக்கலாம். மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ அந்த உறைவு நுரையீரலுக்குச் சென்றிருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து. புண்ணிலிருந்து நீரோ சீழோ கசிதல், சிவப்பு நாளுக்கு நாள் பரவுதல், குளிர் காய்ச்சல், குறைந்துவந்த வலி மீண்டும் ஏறுதல், கீழே விழுந்து காலை ஊன்ற முடியாமற்போதல் ஆகியவையும் அவ்வாறே. இராகு காலம் கழியட்டும், அஷ்டமி நவமி போகட்டும், மகன் அலுவலகத்திலிருந்து வரட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். இரத்தம் உறையாதிருக்கத் தரும் ஊசியையோ மாத்திரையையோ, நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நடுவில் நிறுத்துதலும் கூடாது.

இனிக் கோயில்.

வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறுவது பலருக்கு இரண்டு மூன்று வாரங்களில் நிகழும். கைத்தடியை அறுவை செய்த காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும். பலர் அதே பக்கத்தில் பிடித்துக்கொண்டு சாய்ந்து நடக்கின்றனர். படிகளுக்கு ஒரே விதி: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். ஆறு வாரம் கடந்து, மருத்துவரும் சரி என்றபின், அருகிலுள்ள சிறு கோயிலிலிருந்து தொடங்கலாம். உற்சவ நாளோ பிரதோஷ வேளையோ வேண்டா. கூட்டமில்லாத காலை நேரத்தில், துணைக்கு ஒருவருடன் செல்க. கோயில் வாசற்படிகளை நாம் மிதிப்பதில்லை, தாண்டியே செல்கிறோம். பழைய கோயில்களின் நிலைப்படிகள் சில, முழங்காலின் பாதி உயரம் வரை இருக்கும். நிலையின் பக்கக் கல்லைப் பற்றிக்கொண்டு, ஒரு கணம் நின்று, நல்ல காலை முதலில் எடுத்து வைத்துத் தாண்டுக. பின்னாலிருப்பவர் பொறுத்துக்கொள்வார்.

படிகளைவிடவும் நான் அஞ்சுவது ஈரத்துக்கு. அபிஷேக நீர் வழியும் கோமுகை அருகிலும், எண்ணெய் சிந்திய விளக்கு மேடையைச் சுற்றியும், தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிராகாரத்திலும் வெறுங்காலுடன் வழுக்கினால் புதிய மூட்டைச் சுற்றிய எலும்பு முறிய வாய்ப்புண்டு. நவக்கிரகங்களைச் சுற்றும் இடம் பெரும்பாலும் குறுகலாகவும் எண்ணெய்ப் பிசுக்குடனும் இருக்கும். ஒன்பது சுற்று வருவதை முதல் மூன்று மாதம் ஒத்தி வைத்து, எதிரில் நின்றே வணங்கலாம். சித்திரை, வைகாசி வெயிலில் காயும் கல் தரையும் கவனத்துக்குரியது. நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் கொப்புளம் எழுந்ததையே அறியமாட்டார்கள். அந்தக் கொப்புளத்தின் வழியே நுழையும் கிருமி, இரத்தத்தோடு சென்று செயற்கை மூட்டில் தங்கிவிடக் கூடும். தரிசனம் முடிந்து சற்று அமர்ந்து வருவது நம் மரபு. தரையில் அமர வேண்டியதில்லை. நம் கோயில் மண்டபங்கள் பலவற்றின் விளிம்பு நாற்காலி உயரத்தில்தான் இருக்கிறது. அதில் அமர்ந்து காலைத் தொங்கவிடலாம்.

மலைக்கோயில்களைப் படிப்படியாகவே நாட வேண்டும். தமிழ் ஆண்டுகள் அறுபதின் பெயரைத் தாங்கிய சுவாமிமலையின் 60 படிகள், நான்காம் ஐந்தாம் மாதத்தில், கைப்பிடியைப் பற்றி, நடுவில் நின்று நின்று ஏறுவதற்கு ஒரு நல்ல இலக்கு. திருத்தணியில் 365 படிகள் இருந்தாலும் மேல்வரை வண்டி செல்லப் பாதை உள்ளது. பழனியின் 693 படிகளுக்குப் பதிலாக விஞ்சும் ரோப் காரும் இருக்கின்றன. அவற்றில் செல்வதால் தரிசனப் பலன் குறைந்துவிடும் என்று நான் நம்பவில்லை. திருவண்ணாமலைக் கிரிவலம் 14 கிலோமீட்டர். ஓராண்டு நிறைந்து, நாள்தோறும் மூன்று நான்கு கிலோமீட்டர் வலியின்றி நடக்கும் நிலை வந்த பிறகு மருத்துவரிடம் கேட்டுத் தொடங்கலாம். பௌர்ணமிக் கூட்டத்தைத் தவிர்த்து, அஷ்ட லிங்கங்களில் அங்கங்கே அமர்ந்து செல்லுதல் நலம். பாதியில் ஆட்டோ ஏறினாலும் அருணாசலேசுவரர் கணக்குப் பார்ப்பவரல்லர். மதுரை, திருமலை போன்ற தலங்களின் பாதுகாப்புச் சோதனை வாயிலில் உங்கள் முழங்கால் மணியடிக்கக் கூடும். மருத்துவமனை தரும் குறிப்பட்டையைக் கையோடு வைத்திருந்தால் விளக்குவது எளிது.

கும்பகோணத்து அன்பரின் கேள்விக்கு வருகிறேன். புதிய முழங்காலை மண்டியிட்டால் அது உடைந்துவிடாது. சில மாதங்கள் சென்றபின் மெத்தென்ற விரிப்பின்மீது மண்டியிட மருத்துவர்கள் சிலர் அனுமதிக்கின்றனர். ஆயினும் தழும்பின்மீது பாரம் விழும்போது பலருக்கு அது கூசுகிறது, வலிக்கிறது. தரையில் விழுந்து எழுவதற்குத் துணையும் வேண்டும். ஆகவே அஷ்டாங்க நமஸ்காரமும் பஞ்சாங்க நமஸ்காரமும் பெரும்பாலோர்க்கு அன்றாட வழக்கமாகத் திரும்புவதில்லை என்பதே உண்மை. இதை மறைத்துப் பயனில்லை. ஆனால் நின்று வணங்குவதை ஏதோ சலுகை என்று எண்ணி வருந்த வேண்டியதில்லை. ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடை, அஷ்டாங்கம், பஞ்சாங்கம் ஆகியவற்றோடு, இரு கைகளையும் தலைமேல் குவித்து வணங்கும் திரயாங்கத்தையும் நமஸ்காரங்களுள் ஒன்றாகவே வைத்து எண்ணுகிறது. வைணவத்திலோ கைகுவித்தல் ஒன்றின் பெருமையைச் சொல்வதற்கென்றே வேதாந்த தேசிகர் அஞ்சலி வைபவம் என்று தனி நூல் இயற்றியிருக்கிறார். வலியினால் சந்நிதிக்கே வர முடியாமல் வீட்டில் முடங்கிக் கிடந்து காக்கும் அஷ்டாங்கத்தைவிட, நடந்து வந்து நின்று செய்யும் அஞ்சலி மேல் என்பது என் துணிபு. முடிவு அவருடையது.

தோப்புக்கரணம் வேண்டா, குந்தி எழுவது செயற்கை மூட்டுக்கு உகந்ததன்று. நெற்றியில் குட்டிக்கொள்வதற்குத் தடை ஏதுமில்லை. சம்மணமிட்டு அமர்வதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பொருத்தப்பட்ட மூட்டின் வகையையும் அது பொறுத்தது. உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். அனுமதி கிடைத்தாலும் நெடுநேரம் வேண்டா. தர்ப்பணத்துக்கும் சிராத்தத்துக்கும் நாற்காலியிலோ உயரமான பலகையிலோ அமர்ந்து செய்யப் புரோகிதர்கள் பலர் இன்று இசைகின்றனர். அன்று காலையில் சங்கடப்படாமல் ஒரு வாரம் முன்பே பேசிக்கொள்க. நான்கு மாதத்துக்குப் பின், தரையில் இறங்கவும் நாற்காலியைப் பற்றி நல்ல காலால் உந்தி எழவும் பிசியோதெரபிஸ்டிடம் ஒரு முறை கற்றுக்கொள்ளுங்கள். என்றேனும் விழ நேர்ந்தால் அது கைகொடுக்கும்.

நீண்ட காலத்தில் எதிர்பார்க்க வேண்டியவை இன்னும் சில. வீக்கமும் வெதுவெதுப்பும் ஆறு மாதம் வரையிலும், சிலருக்கு அதற்கு மேலும் இருக்கும். தழும்பின் வெளிப்புறத்தில் உள்ளங்கை அளவுக்குத் தோல் மரத்திருக்கும். அங்குள்ள சிறு நரம்பு அறுபடுவதால் வருவது. காலப்போக்கில் சுருங்கும், சிலருக்கு முற்றிலும் போகாது. நடக்கையில் ‘டிக் டிக்’ என்று ஓசை வந்தால் உலோகமும் பாலிஎத்திலீனும் தட்டுவதே. வலியில்லாத வரை அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. முழுப் பயன் தெரிய ஓராண்டு ஆகும். ஏறத்தாழ ஐவரில் ஒருவர், தாம் எதிர்பார்த்த அளவுக்குத் திருப்தி இல்லை என்று சொல்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன; இருபது வயதுக் கால்களை எதிர்பார்த்தவர்கள் அவர்களுள் இருக்கக்கூடும். மூட்டின் ஆயுளைப் பற்றிக் கவலை வேண்டா. 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வின்படி, மாற்றிய முழங்கால்களில் 82 விழுக்காடு 25 ஆண்டுகள் வரை நிலைக்கின்றன. பல்லில் சீழ், சிறுநீரில் தொற்று, காலில் ஆறாத புண் ஆகியவற்றை மட்டும் இனி வாழ்நாள் முழுவதும் அலட்சியம் செய்யக் கூடாது. பல் மருத்துவரிடம் செல்லும்போது, “எனக்கு மூட்டு மாற்றியிருக்கிறது” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கோலம் கேட்ட அம்மையாருக்கு: நம் பாட்டிமார் குந்தி அமர்ந்தா கோலமிட்டனர்? கால்களை அகட்டி நின்று இடுப்பில் வளைந்தே புள்ளி வைத்தனர். முதுகு இடங்கொடுக்குமாயின், மூன்று நான்கு மாதங்களுக்குப் பின் நீங்களும் அவ்வாறே இடலாம். முதலில் ஐந்து புள்ளிக் கோலமே போதும். மார்கழி விடியலில் நீர் தெளித்த வாசல் வழுக்கும். பெருக்கித் தெளிக்கும் வேலையை வேறொருவரிடம் விட்டு, ஈரம் சற்று வடிந்த பின், வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.